மலையை வலப்பக்கம் காட்டிய கஸ்தூரி மேடம்

கஸ்தூரி மேடத்துக்குத் திமிர் என்று கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். திமிர் என்பது சின்ன வார்த்தை. திமிர் பிடித்தவர்கள் எப்போதாவது ஒருவரிடமாவது அசடு வழிவார்கள். கஸ்தூரி காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி பஸ்ஸில் ஏறும்போதே டிரைவர் கியர் போடும் லட்சணத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். அங்கே தொடங்கியது மாலை வரைக்கும் ஓயாது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் படித்த முதல் ஆள், பெரிய படிப்பு படித்த கடைசி ஆளும் அவள்தான். எம்.இ. முடித்த கையோடு, ஊரை விட்டுத் தள்ளி ஒரு காலத்தில் கடலைக் கொல்லையாக இருந்த இடத்தில் எழும்பியிருந்த தனியார் பொறியியல் கல்லூரியில், மின்னணுத் துறை உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஓடியதற்குக் காரணம் ஒரு பச்சை நிறப் பைல். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வது அந்தக் கல்லூரியின் வழக்கம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.இ. பட்டம் வரை எல்லாம் ஆபீஸ் பீரோவில் தூங்கும். ராஜினாமா கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், சான்றிதழை மட்டும் தர மாட்டார்கள். அது இல்லாமல் வேறெந்த இடமும் சேர்த்துக்கொள்ளாது. சட்டப்படி இது தப்பு என்று ஒரு வக்கீல் சொன்னார். கேஸ் முடிவதற்குள் உங்களுக்கு ரிடையர்மென்ட் வந்துவிடும் என்று அவரே சேர்த்துச் சொல்லி, சிரிக்க வேறு செய்தார். கஸ்தூரி அவரையும் ஒரு முட்டாள் என்று தீர்மானித்து எழுந்து வந்தாள்.

கல்லூரியின் தாளாளர் சக்கரவர்த்தி முன்பு எண்ணெய் மில் வைத்திருந்தவர். கடலையைப் பிழிந்து பழகிய கைக்குப் பிள்ளைகளைப் பிழிவது கஷ்டமாகவா இருக்கும் என்பாள் கஸ்தூரி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பேச்சுக்குப் பேச்சு அண்ணாமலையார். துறைத்தலைவர் செழியன் வேறொரு ரகம். மாதம் ஒரு கருத்தரங்கில் சால்வை போர்த்திக்கொள்வார். அவர் தன் கையால் ஒரு ஒயரைச் சொருகி யாரும் பார்த்ததில்லை. எந்தக் கருவியையும் தொட்டால் கேரன்டி போய்விடும் என்ற பயம் அவருக்கு. படிக்க வந்த பிள்ளைகளையோ கேட்கவே வேண்டாம். கடைசி வருஷப் ப்ராஜெக்டை பஸ் ஸ்டாண்டு எதிர் மாடிக்கடையில் வாங்கி வந்து, அதில் இருக்கும் பேரைக்கூட மாற்றாமல் நீட்டுவார்கள். கஸ்தூரி அதைத் திறந்து பார்க்காமலேயே மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள்.

எல்லோரையும்விட அவளுக்கு எரிச்சல் மூட்டியது ஆர்த்தி. அதே துறையில் இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவள். பாடத்தில் ஒன்று கேட்டால் "தெரியாதுங்க மேடம்" என்று பல்லைக் காட்டுவாள். அதில் கூச்சமும் கிடையாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் கிடையாது. அந்த ஆர்த்தி, கணவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது என்று போய்க் கேட்டாள். அன்றைக்கே சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"எப்படி குடுத்தாங்க உனக்கு?" என்று கேட்டாள் கஸ்தூரி. ஆர்த்தி பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னை வெச்சிக்கிட்டு இன்னா மேடம் பண்ணப்போறாங்க? இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். அதான் குடுத்துட்டாங்க."

ஆர்த்தி அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தன்னைப் பற்றி இவ்வளவு மட்டமாகச் சொல்லிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு எப்படி வாய் வருகிறது என்று கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பேச்சில் தனக்கும் ஒரு செய்தி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆர்த்தி வாயிலிருந்து செய்தி வரும் என்று அவள் எதிர்பார்த்தால்தானே.

கஸ்தூரியின் கணவன் விமல்ராஜ் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். சனிக்கிழமை வருவான், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவான். கல்யாணமான நாள் முதல் இதே கதை. இந்த ஆவணியில் கஸ்தூரிக்கு ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சிப் டிசைன் வேலை, அவள் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. விமல்ராஜ் வீடுகூடப் பார்த்துவிட்டான். குறிப்பிட்ட திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு வந்து சேர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவள் தாளாளரிடம் போய் நின்றாள்.

"போறதுன்னா போங்க மேடம், நான் இன்னா கட்டியா போட்டு வெச்சிருக்கேன்?" என்றார் சக்கரவர்த்தி. "இந்த இன்ஸ்பெக்ஷன் மட்டும் முடியட்டும். அந்த ரெண்டு கேமரா மெஷினு பீரோவுல சும்மா கெடக்குதே, அதை ஓட்டிக் காட்டிட்டு உங்க பைலை எடுத்துட்டுப் போய்க்கினே இருங்க. அண்ணாமலையார் சாட்சி."

ஜன்னல் வழியே மலையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். அவரை நம்புகிற அளவுக்குக் கஸ்தூரி ஏமாளி இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

அந்த ரெண்டு கேமரா மெஷின் என்பது ஓர் எஃப்.பி.ஜி.ஏ. போர்டு. உள்ளங்கை அகலப் பச்சை அட்டை, நடுவில் ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் எந்த மாதிரி சர்க்யூட் வேண்டுமோ அதை நாமே எழுதி இறக்கலாம். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு வேறு எழுதலாம். கூடவே இரண்டு குட்டிக் கேமராக்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கிற குழு முந்தைய இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தபோது வாங்கியது, வாங்கியதைக் காட்டியதோடு சரி. அப்புறம் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும். சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்ளும். பொரி கடலை விநியோகம் முடிந்ததும் உள்ளே போய்விடும். கஸ்தூரி கையில் எடுத்தபோது கேமரா சொருகும் இடத்தில் சந்தனம் காய்ந்து பாறையாக இருந்தது. பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். வைத்தவர் யார் என்று தெரியும். செழியன் சார்தான். மூன்று வருஷத்தில் அவர் அந்த போர்டுக்குச் செய்த ஒரே வேலை அது.

"எதுக்கு மேடம் கஷ்டப்படறீங்க?" என்று செழியன் வந்து நின்றார். "ஒரு வீடியோ எடுத்து லேப்டாப்புல ஓட்டுங்க. பக்கத்துல இந்த போர்டுல லைட்டு எரிஞ்சா போதும். வர்றவங்களுக்கு இன்னா தெரியப்போவுது? எல்லா காலேஜ்லயும் இப்படித்தான்."

"எனக்கு அந்த வேலை வராது சார்," என்றாள் கஸ்தூரி.

எனக்குப் பொய் சொல்ல வராது என்பதுபோல் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உங்களைப் போல இல்லை என்பதுதான் அவள் சொன்னது.

அப்புறம் அவள் வேலை பார்த்த விதத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அது அருமையான வேலை. இரண்டு கேமராவுக்கும் தயாரித்தவன் ஒரே முகவரியைக் கொடுத்திருந்தான். ஒன்றுக்கு உத்தரவு போட்டால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லிக் குழப்பின. அவள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை போட்டுப் பிரித்தாள். பிறகு பார்த்தால் இரண்டும் அதனதன் வேகத்தில் படம் அனுப்பின. ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்தால் ஒன்று நிற்க, இன்னொன்று வழுக்கிக்கொண்டே மேலே போனது. இரண்டையும் முதலில் மெமரியில் தேக்கிவைத்து, திரை கேட்கும் நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி எழுதினாள். ஒரு சுவிட்சைத் தள்ளினால் படத்தில் இருக்கும் பொருள்களின் விளிம்புகள் மட்டும் வெள்ளைக் கோடாக மாறும். ஆய்வகத்தில் அவள் இருக்கும்போது யாரும் உள்ளே வரவில்லை. வந்தாலும் அவள் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாள். பத்து வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

இன்ஸ்பெக்ஷன் அன்று காலை தாளாளர், செழியனையும் நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்க வந்தார். ஒரு கேமரா ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று சுவரில் இருந்த கல்லூரிப் பெயர்ப் பலகையைப் பார்த்தது. பெரிய திரையில் இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பலகை. அசங்காமல், சுத்தமாக.

சக்கரவர்த்தியின் முகம் கறுத்தது.

"இன்னா மேடம் இது? மலை பீச்சாங்கை பக்கம் இருக்குது?"

"இருந்தா என்ன சார்?"

"இன்னா சாரா? கிரிவலம் போறப்ப மலை எந்தப் பக்கம் இருக்கும்? வலது கைப் பக்கம். இந்த ஊர்ல பொறந்துட்டு மலையை இடம் வெச்சா அது அப்பிரதட்சணம். வர்ற ஆளுங்க இப்பத்தான் கோயிலுக்குப் போயிட்டு வராங்க. பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

செழியன் உடனே பரபரத்தார். மேசையைத் திருப்பலாமா, திரையை எதிர்ச் சுவரில் மாட்டலாமா, ஜன்னல் பக்கம் இருப்பதை வாசல் பக்கம் கொண்டுபோகலாமா என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்லி மேசையைத் தூக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். திரையில் ஒரு படம் இடமிருந்து வலம் போவதற்கு மேசையைத் தூக்குகிற கூட்டம். இவர்களோடு பத்து வருஷம் சோறு தின்றிருக்கிறோமே என்று கஸ்தூரிக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

"மேசையைக் கீழ வைங்க," என்றாள். லேப்டாப்பில் ஒரு வரியை மாற்றி மறுபடி இறக்கினாள். பிறகு போர்டின் ஓரத்தில் இருந்த குட்டிச் சுவிட்சை நகத்தால் தள்ளினாள். மலை வலப்பக்கம் வந்தது, பலகை இடப்பக்கம் போனது. திரும்பத் தள்ளினாள், மலை இடப்பக்கம். மறுபடி தள்ளினாள், வலப்பக்கம். கோமாளிக்கு வித்தை காட்டுகிற மாதிரி, உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடுதான் செய்தாள்.

சிரிப்பைச் சக்கரவர்த்தி கவனிக்கவில்லை. அவர் வாய் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி தள்ளுங்க மேடம்," என்றார். தள்ளினாள். "அண்ணாமலையாரே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் வெளியே போன சற்று நேரத்தில் கஸ்தூரி தண்ணீர் பிடிக்க வராந்தாவுக்குப் போனாள். தூணுக்கு அந்தப் பக்கம் தாளாளர் ஆபீஸ் ஆளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மெதுவாகப் பேசும் பழக்கம் கிடையாது.

"கஸ்தூரி மேடம் பைலு எந்தத் தட்டுல இருக்குது? எடுத்து உள் லாக்கர்ல வெச்சிடு. கேட்டா சாவி அய்யாகிட்ட இருக்குதுன்னு சொல்லு. அட, அவங்க போய்ட்டா இதை ஓட்டறது யாரு, செழியனா? அடுத்த இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் இப்படியே தள்ளிடலாம். அப்புறம் அதுக்கு அடுத்தது."

கஸ்தூரி பாட்டிலை மூடிக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினாள். அவளுக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. ஆனால் கணக்கு புரிய அதிக நேரம் ஆகவில்லை. வேலை தெரிந்தவளைப் பூட்டி வைப்பார்கள், தெரியாதவளை அனுப்பிவிடுவார்கள். இன்று இது ஓடினால் அவள் இங்கேதான். ஓடாவிட்டால், வந்தவர்கள் முன்னால் மானம் போனால், சக்கரவர்த்தி அவளை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். பைலை மூஞ்சியில் விட்டெறிந்து அனுப்புவார்.

கெடுப்பது சுலபம். கேமராவிலிருந்து போர்டுக்கு வரும் பட்டை ஒயரை நகத்தால் கொஞ்சம் நெம்பிவிட்டால் போதும், பாதித் திரை கறுத்துவிடும். ஏன் என்று கண்டுபிடிக்க அந்தக் கட்டடத்தில் நாதி கிடையாது. அவர்கள் உள்ளே நுழையும்போது நெம்பிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது. திங்கட்கிழமை, ஒரகடம், விமல்ராஜ் பார்த்து வைத்த வீடு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

குழு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. மூன்று பேர். காலையில் கல்லூரி செலவில் விசேஷ தரிசனம், அப்புறம் ஆசிரமத்துப் பக்கம் ஒரு நல்ல விடுதியில் ஓய்வு, அப்புறம் வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு. தலைவராக வந்தவர் ஏதோ ஓர் ஊரில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கோயில் மாலை இன்னும் கிடந்தது, கண் பாதி மூடியிருந்தது. கஸ்தூரியின் கட்டைவிரல் பட்டை ஒயரின் மேல் இருந்தது.

அந்தப் பெரிய மனுஷர் திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். போர்டைப் பார்க்கவே இல்லை. கஸ்தூரியையும் பார்க்கவில்லை. செழியனைப் பார்த்துச் சொன்னார்.

"ரெக்கார்டிங்தானே சார்? பரவால்ல, நடத்துங்க. போன வாரம் போன எடத்துலயும் இதே மாதிரிதான் ஒரு வீடியோவைப் போட்டு லைட்டு எரிய விட்டிருந்தாங்க. பாவம், லேடி ஸ்டாஃபை நிக்க வெச்சிடறாங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். செழியன் ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளத் தோதாக ஒரு சிரிப்புச் சிரித்தார். சக்கரவர்த்தியின் முகம் செத்துவிட்டது. அவர் கஸ்தூரியைப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். அவள் ஒயரைக்கூட நெம்ப வேண்டியதில்லை. "ஆமாங்க சார்" என்றால் போதும். அதுகூட வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றால் போதும். எல்லாம் அதுவாகவே முடிந்திருக்கும். கதவைத் திறந்துவிட்டு, போ தாயே என்று அவர்களே ஒதுங்கி நிற்கிறார்கள்.

"ரெக்கார்டிங்கா?" என்றாள் கஸ்தூரி. "கையைக் கொஞ்சம் நீட்டுங்க சார்."

"இன்னாம்மா?"

"கையை. இந்தக் கேமரா முன்னாடி."

அவர் அரைத் தூக்கத்தில் கையை நீட்டினார். திரையின் இடப் பாதியில் மோதிரம் போட்ட ஐந்து விரல்கள் பெரிதாக வந்து நின்றன, வலப் பாதியில் மலை அசையாமல் இருந்தது. அவர் விரலை ஆட்டினார். திரையிலும் ஆடியது. கஸ்தூரி சுவிட்சைத் தள்ளினாள். மலை இடப்பக்கமும் விரல்கள் வலப்பக்கமும் போயின. இன்னொரு சுவிட்ச். மலையும் கையும் வெள்ளைக் கோடுகளாயின. அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். ஒரே முகவரிச் சிக்கலைச் சொன்னாள், இரண்டு வேகங்களைச் சொன்னாள், மெமரியைச் சொன்னாள். ரெக்கார்டிங்கில் எதெல்லாம் முடியாது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். செழியனைத் திரும்பிப் பார்த்து, "சார் இதைப் பத்தி ஏதாவது சொல்றீங்களா?" என்றும் கேட்டுவைத்தாள். செழியன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குழுத் தலைவர் விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி கேமராவுக்கு முன்னால் கோயில் மாலையை ஆட்டிப் பார்த்தார். கோட்டுப் படத்தைக் காட்டி, "இது கலர்ல வராதாம்மா?" என்று கேட்டார். இவ்வளவு நேரம் இவள் சொன்னதில் அவருக்கு ஏறியது அவ்வளவுதான். பிறகு கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

கைதட்டல் காதில் விழுந்த பிறகுதான் கஸ்தூரிக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. சக்கரவர்த்தியைப் பார்த்தாள். கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு ஒரு நல்ல உழவு மாட்டைப் பிடித்துவிட்டவன் முகம் அது. குழு போனதும் அவரே வந்து, இந்த ஆய்வகத்துக்கு இனி அவள்தான் பொறுப்பு, வாசலில் அவள் பேரில் பலகை மாட்டச் சொல்லியிருக்கிறேன் என்றார். பைல் என்றாள் அவள். சாவி என்கிட்டதான் இருக்குது, எங்க போயிடப்போவுது, அடுத்த இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் என்றார். அண்ணாமலையார் சாட்சி என்று இந்தத் தடவை சொல்லவில்லை. தேவைப்படவில்லை போலிருக்கிறது.

சாயங்காலம் கல்லூரி பஸ்ஸில் வரும்போது விமல்ராஜ் போன் செய்தான்.

"வாங்கிட்டியா?"

"டெமோ ரொம்ப நல்லா வந்துச்சிங்க."

"அதை கேக்கல. பைல் வாங்கிட்டியா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். வராந்தாவில் கேட்டதையும் சொன்னாள். ரெக்கார்டிங்தானே என்று அந்த ஆள் சொன்ன இடம் வந்தபோது குரல் தானாகவே உயர்ந்தது. கையை நீட்டச் சொன்னதை, செழியன் கழுத்தைத் துடைத்துக்கொண்டதை எல்லாம் விவரமாகச் சொன்னாள். "அவங்க மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்," என்றாள்.

விமல்ராஜ் முழுவதையும் கேட்டு முடித்தான். பிறகு, "ஆமாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே," என்றான்.

"எப்படிங்க சொல்றது? ஒண்ணுந்தெரியாதவன்னு நெனச்சிக்குவாங்கல்ல."

"அவங்க இன்னா நெனச்சா உனக்கு இன்னா?"

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அதனால்தான் அவளால் கோபப்படவும் முடியவில்லை. பஸ்ஸில் பின்சீட்டுப் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். சரியாகக் கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லி கஸ்தூரி போனை வைத்தாள். அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குக் கேட்டிருந்தது.